ஏழு வீட்டுச் சீவல்: கொழும்பிலிருந்து கொடகவெலைக்கு

2008 ஓகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை 4.50. கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையம். கையில் ஒரு பை. பையில் நூறு கிராம் குளுக்கோஸ் பக்கெட் இருபத்திநாலு, இரத்தச் சீனி பார்க்கும் மெஷின் ஒன்று, அதற்கான பட்டி ஐம்பது.

அன்று என் மாமா ராமையாவுக்குப் பதினாறாம் நாள். அம்மாவின் அண்ணன். கொடகவெலைக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர், ஐம்பத்திநாலு வயது. ஜூலை 25 இறந்தார். காரியத்துக்குப் போகிற மருமகன் இருபத்திநாலு குளுக்கோஸ் பக்கெட்டோடு ஏன் போனான் என்பதுதான் இந்தப் பதிவு. போன ஜனவரியில் நான் எழுதிய கொத்தலஹிம்புட்டுப் பதிவைப் படித்துவிட்டு 'எங்கே வாங்கலாம், எந்த பஸ்' என்று கேட்டு முப்பத்தொரு பின்னூட்டம் போட்டவர்கள் இதைக் கடைசி வரை படிக்கவும். வழி, நேரம், கட்டணம் எல்லாம் இருக்கிறது. ஆனால் வாங்கப் போவதற்கு முன் படியுங்கள்.

தெரியாதவர்களுக்கு: கொத்தலஹிம்புட்டு என்பது சப்ரகமுவக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் ஒரு கொடி. தமிழில் பொன்கொரண்டி. அந்தக் கட்டையில் கோப்பை கடைந்து, இரவு தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் குடித்தால் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, குறையும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சிங்கள மருந்து. இது கட்டுக்கதை அல்ல. நான் கொழும்பில் ஒரு மருந்து ஆய்வுகூடத்தில் தரப் பரிசோதனை செய்கிறவன். கட்டுக்கதைக்குப் பதிவு எழுத எனக்கு நேரமில்லை. அந்தக் கட்டையில் சலசினோல், கொத்தலனோல் என்று இரண்டு சேர்மங்கள் இருக்கின்றன. நாம் சாப்பிடும் மாவுச்சத்தையும் சீனியையும் குடலில் சில நொதியங்கள் கத்தரிக்கோல் மாதிரி நறுக்கி, குளுக்கோஸாக்கி இரத்தத்துக்குள் அனுப்புகின்றன. இந்தச் சேர்மங்கள் அந்தக் கத்தரிக்கோலின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நறுக்கும் வேலை மெதுவாகும். சாப்பிட்ட பிறகு சீனி திடீரென்று ஏறாது. அவ்வளவுதான் விஷயம்.

தைப்பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போனபோது அவர் கோப்பையைப் பார்த்துச் சிரித்தேன். நாலு வருஷமாக மாமாவும் அத்தையும் ஒரே கோப்பையில் ஊற வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் நிறமே இறங்கவில்லை. சேர்மம் எல்லாம் எப்போதோ கரைந்து போய்விட்டது, இது வெறும் விறகு என்று சொன்னேன். கோப்பையை விட்டுவிட்டு அதே கொடியின் புதிய வேர்ச்சீவல் வாங்கச் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்: பத்து கிராம், இரண்டு டம்ளர் தண்ணீர், பத்து நிமிடம் கொதி, காலையில் வடித்துக் குடி. கொழும்புக்கு வந்த கையோடு அதையே பதிவாகவும் போட்டேன். தாளில் எழுதிய ஒவ்வொரு எண்ணும் சரி. இன்றைக்கும் சரி.

இனி பயணம். எம்பிலிப்பிட்டிய பஸ்ஸில் ஏறினால் இரத்தினபுரி, பெல்மதுளை, கஹவத்தை வழியாக நேராகக் கொடகவெலையில் இறங்கலாம். நான் நடுவில் பெல்மதுளையில் இறங்க வேண்டியிருந்ததால் அதுவரை டிக்கெட் எடுத்தேன், 132 ரூபாய். சாதாரண பஸ். தூரம் நூற்றிருபது கிலோமீற்றர் வரும். ஜன்னல் சீட் வேண்டுமானால் ஐந்து மணிக்கு முன் வந்துவிடுங்கள்.

அவிசாவளைக்கு முன்னால் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நூறு மீற்றர் நடக்க வேண்டும். அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால் கூடுதலாகக் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். என் பையைத் திறந்த சிப்பாய் வெள்ளைத் தூள் பக்கெட்டுகளைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான். "மே மொனவத?" என்று கேட்டான். இது என்ன என்று. குளுக்கோஸ், சீனி நோயாளிகளுக்கு என்றேன். சீனி நோயாளிக்கு எவன் குளுக்கோஸ் கொண்டுபோவான் என்று சிங்களத்தில் கேட்டான். நியாயமான கேள்வி. பதிலைச் சொல்ல ஆரம்பித்தேன், அவனுக்குக் கேட்கப் பொறுமை இல்லை. ஒரு பக்கெட்டைக் கிழித்து என்னையே சாப்பிட்டுக் காட்டச் சொன்னான். முழுப் பக்கெட்டும். பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் இல்லாமல் நூறு கிராம் தூளை விழுங்கினேன். மீதி இருபத்திமூன்று.

இரத்தினபுரி 8.05. பெல்மதுளை 8.45. சந்தியிலிருந்து இரண்டு நிமிட நடையில் நாட்டு மருந்துச் சாமான் விற்கும் ஒரு கடை இருக்கிறது. பெயர் போட மாட்டேன், காரணம் புரியும். கடைக்கார முஸ்லிம் நானா ஐம்பது வயதுக்காரர், நல்ல பேச்சுக்காரர். மாமா சீவல் வாங்கியது அங்கேதான். எப்படி விற்கிறது என்று சும்மா கேட்டேன்.

"தையில இருந்து நல்ல ஓட்டம் தம்பி. கொழும்புல இருந்தெல்லாம் ஆக்கள் வாராங்க. எவனோ ஒருத்தன் இன்டர்நெட்ல எழுதி ஈக்கானாம்."

நான்தான் அது என்றேன். அப்படியென்றால் எனக்குக் கமிஷன் தர வேண்டுமே என்று சிரித்து, பையனைக் கூப்பிட்டு பிளேன்டீ சொன்னார். டீ வருவதற்குள் மாமா விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, சீவல் டின்னை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் இத விக்கிறதா, வேணாமா? அத செல்லுங்க."

விற்கலாம், ஆனால் வாங்குகிறவர் கிளினிக்கில் தரும் சீனி மாத்திரை, அந்தக் குளிசை, போடுகிறாரா என்று கேட்காமல் விற்காதீர்கள் என்றேன். வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், எழுதித் தந்தால் ஒட்டுகிறேன் என்றார். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே டின்னில் ஒட்டினார். டீக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த பஸ் 9.20. கஹவத்தை வழியாகக் கொடகவெலைக்கு இருபது கிலோமீற்றர் சொச்சம், 28 ரூபாய், ஐம்பது நிமிடம். ரப்பர், தேயிலை, நடுவில் மாணிக்கக் குழிகளுக்கு மேல் போட்ட ஓலைக் கூரைகள். படம் எடுக்க நினைப்பவர்கள் இடது பக்க சீட் பிடியுங்கள். நான் எடுக்கவில்லை. கொடகவெலையில் இருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீற்றர், த்ரீவீல் 350 ரூபாய். மழை பெய்தால் கடைசி ஒரு கிலோமீற்றர் நடை.

மாமாவுக்கு நடந்தது இதுதான். மூன்று நாள் மழை. மழையில் பால் வெட்ட முடியாது, பட்டை ஈரமாக இருந்தால் பால் சிரட்டைக்குள் விழாமல் மரம் முழுக்க வழியும். நாலாம் நாள், ஜூலை 22 செவ்வாய், வெயில் வந்தது. விட்ட நாட்களைப் பிடிக்க எல்லோருக்கும் கூடுதல் மரம். மாமா காலை ஐந்தரைக்குச் சீவல் தண்ணீரைக் குடித்து, கிளினிக் குளிசையைப் போட்டுக்கொண்டு, ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார். பால் வெட்டுபவர்கள் மரங்களை முடித்த பிறகுதான் சாப்பிடுவார்கள். அன்று மரம் முடியவில்லை. பத்தேகாலுக்கு வியர்த்துக் கொட்டி, சம்பந்தமில்லாமல் சிரித்துப் பேசியிருக்கிறார். காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் என்று ஆட்கள் கேலி பண்ணியிருக்கிறார்கள். மாமா குடிக்கிறவர் இல்லை. கங்காணி தங்கவேலுதான் இது சீனி இறங்குகிறது என்று கண்டுபிடித்து, செய்ய வேண்டியதைச் செய்தார். தோட்டத்தில் பிளேன்டீயை உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக் குடிப்பது வழக்கம். மாமாவின் கையில் சீனியைக் கொட்டி, மூன்று கோப்பை பிளேன்டீ குடிக்க வைத்தார். சீனி வேலை செய்யட்டும் என்று ஒரு மணி நேரம் மரத்தடியில் படுக்க வைத்தார்கள். அது வேலை செய்யவில்லை. பால் ஏற்றும் ட்ரக்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நினைவு இல்லை. மூன்றாம் நாள் உயிர் போனது.

ஏன் வேலை செய்யவில்லை? கடைச் சீனி சுக்குரோஸ். அதைக் குடலில் நறுக்கினால்தான் குளுக்கோஸ் கிடைக்கும். நறுக்குகிற கத்தரிக்கோலின் வாயைச் சீவல் தண்ணீர் அடைத்து வைத்திருந்தது. குளிசை மறுபக்கம் இன்சுலினைத் தள்ளிக்கொண்டே இருந்தது. குளுக்கோஸ் தூளாக இருந்திருந்தால் நறுக்கத் தேவையில்லை, நேராகப் போயிருக்கும். இதை என்னால் நிரூபிக்க முடியாது. யாரும் அதைச் சோதிக்கவும் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்று. கிளினிக்கில் வெறும் வயிற்றில்தான் இரத்தம் எடுப்பார்கள். சீவல் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுவதைத்தான் அமுக்கும். எனவே கிளினிக் எண் பெரிதாக இறங்கவில்லை, ஜூலை முதல் வாரம் ஒரு குளிசையை இரண்டாக்கினார்கள். சிங்கள மருந்து குடிப்பதைக் கிளினிக்கில் யாரும் சொல்வதில்லை, சொன்னால் ஏச்சு விழும். மாமாவும் சொல்லவில்லை.

10.50க்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். காரியம் முடிந்து ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, சீவல் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அத்தைக்கும் அதே வருத்தம், அதே கிளினிக், அதே குளிசை. நான் வந்ததே அதற்குத்தான்; தோட்டத்தில் வேறு யாராவது குடித்தால் இருக்கட்டும் என்றுதான் இத்தனை பக்கெட். மாமாவின் சாவுக்கு வந்தபோது இதையெல்லாம் யோசிக்க என் மூளை வேலை செய்யவில்லை. கொழும்புக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் கணக்குச் சேர்ந்தது.

"அந்தக் கசப்ப யாரு குடிப்பா," என்றார் அத்தை. "நான் பழைய கோப்பையிலதான் குடிச்சுக்கிட்டு இருக்கேன். நீ வெறகுன்னு சொன்னியே, அதுல."

மெஷினில் பார்த்தேன், 148. பரவாயில்லை. சுவரில் என் தாள் சோற்றுப்பசையில் ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் மாமா தினமும் குடித்ததற்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். ஒழுங்கான மனிதர். கடைசிக் கோடு ஜூலை 22. மிச்சச் சீவல் எங்கே என்று கேட்டேன்.

அத்தை சொன்னார். செத்தவர் பாவித்த சாமானைப் பதினாறாம் நாளுக்கு முன் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். சேர்ட், சாரம், பால் வெட்டும் கத்தி எல்லாம் போய்விட்டது. ஜூனில்தான் மாமா ஒரு சாக்குச் சீவல் வாங்கி வைத்திருந்தார். அதை ஏழு பங்காக்கி, லயத்து வரிசை வீடுகளில் சீனி வருத்தம் உள்ள ஏழு வீட்டுக்கு, மாமா பெயரில் புண்ணியமாகட்டும் என்று வியாழக்கிழமை கொடுத்திருந்தார். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் என் தாளின் பிரதி. மகள் மலர்தான் ஏழு தடவை அச்சு மாதிரி எழுதியிருந்தாள். அவள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள், கையெழுத்து அழகு.

இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோல், குளிசை, உள்ளங்கைச் சீனி. அத்தை முழுதும் கேட்டார்.

"நீ எழுதிக் குடுத்தது சரியா, தப்பா? அத மட்டும் சொல்லு."

"சரிதான் அத்தை."

"அப்ப ஏன்டா அவரு செத்தாரு?"

என்னிடம் பதில் இருந்தது, அதை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். மலர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றாள். வீடுகளைக் காட்ட அவள் வர வேண்டும்.

முதல் இரண்டு வீட்டில் தொந்தரவு இல்லை. பொட்டலத்தைத் தந்தார்கள், வீட்டுக்கு மூன்று குளுக்கோஸ் பக்கெட் கொடுத்து, சீனி இறங்கினால் சீனி வேண்டாம், இதைக் கரைத்துக் கொடுங்கள் என்று சொன்னேன். மூன்றாவது கங்காணி தங்கவேலு வீடு. அவருக்கும் வருத்தம். "வாங்க மருந்து மாஸ்டர்," என்றார் வாசலில் நின்றபடி. "தைக்கு வந்து குடின்னீங்க, இப்ப குடிக்காதேன்னு வந்திருக்கீங்க. அடுத்த பொங்கலுக்கு என்ன சொல்லுவீங்கன்னு இப்பவே சொல்லிட்டா, நாங்க ரெடியா இருப்போம்ல."

நான் விளக்க ஆரம்பித்தேன். மலர் என் கையைப் பிடித்து நிறுத்தி, மாமாவுக்கு அவர் கொடுத்த சீனி ஏன் வேலை செய்யவில்லை என்பதை நாலே வரியில் அவரிடம் சொன்னாள். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தான் தாமதித்ததால்தான் மாமா செத்தார் என்று தோட்டத்தில் பேச்சாம். பதினெட்டு நாளாக அவர் வீட்டில் யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை. பொட்டலத்தை அவரே எடுத்து வந்தார். "இத எல்லாருக்கும் முன்னாடி ஒருக்கா சொல்லுங்க தம்பி," என்றார். மாலையில் கோயிலடியில் சொன்னேன்.

நாலாவது வீட்டிலும் பொட்டலம் கிடைத்தது. ஐந்தாவது வீட்டில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், அடுப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மயக்கமா என்றதற்கு, கொழுந்து வேலைக் களைப்பு என்றார். கை ஈரமாக நடுங்கியது. மெஷின் 58 காட்டியது. காலையில் சீவல் தண்ணீர், குளிசை, பிறகு வெறும் டீ. ஒரு பக்கெட்டைக் கரைத்துப் பாதியைக் கொடுத்தேன். பதினைந்து நிமிடத்தில் 97. நிமிர்ந்து உட்கார்ந்து, யார் நீங்கள் என்று கேட்டார். அவருக்கு நான் வீட்டுக்குள் வந்ததே தெரியாது.

அங்கிருந்து இறங்கும்போதுதான் மலர் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் மச்சான். என்ன குளுச போடுறீங்கன்னு ஒரு வார்த்த. கேக்குறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போயிடுறதுதான் ஒங்க பழக்கம்."

ஆறாவது வீட்டிலும் பொட்டலம் கிடைத்தது.

ஏழாவது வீடு பூட்டியிருந்தது. செல்லம்மா, அறுபத்தொரு வயது, பென்ஷன் எடுத்தவர். வெள்ளிக்கிழமையே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கேகாலை மாவட்டம், ருவன்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பொட்டலத்தையும் மலர் எழுதிய தாளையும் கொண்டுபோயிருக்கிறார். மருமகன் ரப்பர் ஸ்டோரில் வேலை என்பதும் தோட்டத்தின் பெயரும் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். டெலிபோன் இல்லை. தோட்ட ஒபிஸுக்கு அடித்தோம், எடுக்க ஆள் இல்லை. காலையில் இரண்டு குளிசை போடுகிறவர் என்றும் சொன்னார்கள்.

சனி மதியத்துக்கு மேல் கொடகவெலையிலிருந்து கிளம்பி அந்தத் தோட்டத்தை இருட்டுக்குள் பிடிக்க முடியாது, வழியில் சோதனைச் சாவடிகள் வேறு. மாமா வீட்டில் தங்கினேன். அத்தை பழைய கோப்பையில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார். அதில் ஒன்றுமே இல்லை என்று ஜனவரியில் சொன்னவன் நான். ஒன்றுமில்லாததால்தான் அத்தை உயிரோடு இருக்கிறார். கோப்பையைத் தொடவில்லை. சுவரில் இருந்த தாளை மட்டும் கிழிக்கப் போனேன். அத்தை விடவில்லை. "அது அவரு போட்ட கோடு," என்றார். என் எழுத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட மட்டும் அனுமதி கிடைத்தது.

இன்று ஞாயிறு. முதல் பஸ்ஸில் இரத்தினபுரி வந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து நெட் கடை எட்டேகாலுக்குத் திறந்ததும் உட்கார்ந்து, கொப்பியில் எழுதியதை அடிக்கிறேன். இப்போது 9.20. இந்த ஒரு மணி நேரம் செல்லம்மாவிடமிருந்து எடுத்த நேரம். இன்று காலைத் தண்ணீரை அவர் எப்படியும் குடித்திருப்பார். ஆனால் தோட்டத்தில் ஏழு பேர் என்று எண்ணிவிட்டேன். பதிவைப் படித்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமாக: செடி மருந்து வேலை செய்யாது என்று நினைப்பவர்களுக்கு ஆபத்துக் குறைவு. வேலை செய்கிறது, எனவே அதுவும் மருந்துதான், இன்னொரு மருந்தோடு மோதும். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர்கள் கொத்தலஹிம்புட்டு குடித்தால் கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள். ஏசினால் ஏசட்டும். கேட்காமல் குளிசையை நிறுத்தவும் வேண்டாம். வீட்டில் குளுக்கோஸ் தூள் வைத்திருங்கள், எல்லாப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். வியர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத சிரிப்பு வந்தால் அதைக் கரைத்துக் கொடுங்கள், நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சீனி வேலை செய்யும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி நான் செய்யப் போவது:

1. 9.40 அவிசாவளை பஸ். அங்கே இறங்கி ருவன்வெல்லைக்கு மாறுவேன்.

2. ஜனவரிப் பதிவை அழிக்க மாட்டேன். அழித்தால் ஏற்கெனவே படித்தவர்களுக்கு எதுவும் தெரியாது. அதன் முதல் வரியாக மாமாவின் சாவையும் இந்தப் பதிவின் இணைப்பையும் போடுவேன்.

3. அந்தப் பதிவில் பின்னூட்டம் போட்ட முப்பத்தொரு பேருக்கும் தனித்தனியாக எழுதுவேன்.

4. செவ்வாய்க்கிழமை லீவு எடுத்து அத்தையோடு கிளினிக்குக்குப் போவேன். திருப்பி வாங்கிய ஆறு பொட்டலத்தில் ஒன்றை டொக்டரின் மேசையில் வைப்பேன்.

5. ருவன்வெல்லையில் ஸ்டோரை விசாரித்து, மருமகனைப் பிடித்து, செல்லம்மாவைக் கண்டுபிடிப்பேன். அத்தையிடம் கொடுத்தது போக, பையில் மூன்று பக்கெட் மிச்சம் இருக்கிறது, அவருக்கு உரியது.

6. அவரைக் கண்டதும் எதையும் விளக்க மாட்டேன். என்ன குளுச போடுறீங்க, காலையில என்ன சாப்பிட்டீங்க என்று கேட்பேன். அவர் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன்.